மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்கள் கவனம்: பச்சை லைட் எரியும், அலாரம் அடிக்காது

இங்கிலாந்தில் மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்து, சமைக்கக்கூடிய வாகனம்) வைத்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். 185 பவுண்ஸ் கொடுத்துப் பூட்டிய புகை, நச்சுவாயு அலாரம் வெறும் பெட்டி என்று நேற்றுத்தான் தெரிய வந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. காசு போனது ஒரு பக்கம். அந்தப் பெட்டியை நம்பித்தானே ஈஸ்டர் விடுமுறையில் ஸ்கொட்லாந்துக் குளிரில் இரவிரவாக காஸ் ஹீட்டரைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம்!

வாங்கியது லண்டனுக்கு வெளியே உள்ள ஒரு காரவன் சாமான் கடையில். பெரிய கடை, வாசலில் புது வாகனங்கள் வரிசையாக நிற்கும். கவுண்டரில் நின்றவர் தமிழர். கார்பன் மொனாக்சைட் (எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சுவாயு) அலாரம் ஒன்று, புகை அலாரம் ஒன்று என்று தனித்தனியாகத்தான் கேட்டேன். அவர் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து முன்னால் வைத்தார். புகை, கார்பன் மொனாக்சைட், சமையல் காஸ் மூன்றையும் இது ஒன்றே பார்த்துக்கொள்ளுமாம். "அண்ணை, இது மோட்டார்ஹோமுக்கெண்டே செய்தது. நானும் என்ர வானுக்கு இதைத்தான் போட்டிருக்கிறன். பிள்ளையள் நிம்மதியாப் படுக்கலாம்" என்றார். பிள்ளைகளைச் சொல்லி ஒருவர் உறுதி தரும்போது யார்தான் நம்ப மாட்டார்கள்? பெட்டிக்கு 145, பூட்டுகூலி 40, மொத்தம் 185. அவர்களுடைய ஆளே கட்டிலுக்கு மேலே கூரையோரமாகப் பூட்டி, பட்டனை அமத்திக் காட்டினார். காது கிழியக் கத்தியது.

நேற்று வருடாந்தச் சோதனைக்கு வந்த எஞ்சினியர் அந்தப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடி, சோதனைக்கென்றே விற்கும் கார்பன் மொனாக்சைட் ஸ்பிரேயை உள்ளே அடித்தார். பார்த்துக்கொண்டு நின்றோம். சத்தமே இல்லை. திரும்பவும் அடித்தார். பச்சை லைட் மட்டும் அப்படியே எரிந்தது. தான் கொண்டு வந்த அலாரத்துக்கு அதே ஸ்பிரேயை அடித்தார், அது கத்தத் தொடங்கியது. பட்டனை அமத்தினால் மின்சாரமும் சத்தமும் சரியா என்றுதான் தெரியுமாம். காஸைக் கண்டுபிடிக்கும் சென்சார் செத்துக் கிடந்தாலும் பட்டனுக்குக் கத்தும். ஐரோப்பியத் தரத்தின்படி காற்றில் பத்து லட்சத்துக்கு 300 பங்கு கார்பன் மொனாக்சைட் இருந்தால் 3 நிமிடத்துக்குள் அடித்தாக வேண்டும். கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்தால் தர எண் இல்லை, மாற்ற வேண்டிய திகதியும் இல்லை. இன்னொன்று: மோட்டார்ஹோமில் இருக்கும் சிலிண்டர் காஸ் காற்றை விடப் பாரம், தரையில்தான் தேங்கும். புகை மேலே போகும். கூரையில் பூட்டிய பெட்டி தரையில் கிடக்கும் காஸை எப்படிக் கண்டுபிடிக்கும்? நாள் முழுக்க இதையே விற்கிற கடைக்கு இது தெரியாதா?

உடனே கடைக்கு ஃபோன் எடுத்தேன். "பட்டனை அமத்தினால் அடிக்குதுதானே, பிறகென்ன பிரச்சினை?" என்று ஒருவர். மனேஜர் என்று வந்தவர், 30 நாள் தாண்டிவிட்டது, தயாரித்தவர்களுக்கு எழுதுங்கள் என்றார். பெட்டியில் இருந்த மின்னஞ்சலுக்கு எழுதினேன், அப்படி ஒரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. இன்று காலை நேரே போனேன். பூட்டின சாமானைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அந்தத் தமிழர் என்னைக் கண்டதும் உள்ளே போகப் பார்த்தார். கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அண்ணை, நான் சம்பளத்துக்கு நிக்கிறன், மனேஜரோட கதையுங்கோ" என்றார். விற்கும்போது இருந்த அண்ணன் தம்பி உறவெல்லாம் எங்கே போனது? 185 பவுண்ஸ்!

அந்த 30 நாள் கதையை நம்பாதீர்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாள் என்பது உடனே திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் வாங்குவதற்கு. அதற்குப் பிறகும் திருத்தித் தரவோ மாற்றித் தரவோ வேண்டியது விற்ற கடையின் பொறுப்பு, தயாரித்தவரிடம் தள்ளிவிட முடியாது. முதல் 6 மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போது சாமான் நன்றாக இருந்தது என்று கடைதான் நிரூபிக்க வேண்டும்.

எதை வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கார்பன் மொனாக்சைட் அலாரத்தில் ஈஎன் 50291-2 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். கடைசி 2 முக்கியம், அதுதான் வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரியது. 1 என்றால் வீட்டுக்கு. புகை அலாரத்துக்கு ஈஎன் 14604. இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். மாற்ற வேண்டிய திகதி இல்லாத எதையும் தொடாதீர்கள். கார்பன் மொனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. உள்ளே இருக்கும்போது எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடித்தால், வயிற்றைப் பிரட்டினால், உடனே வெளியே வாருங்கள். அணைந்த பார்பிக்யூவும் இந்த வாயுவை விடும், அதைக்கூட உள்ளே கொண்டு வராதீர்கள். 100 பவுண்ஸுக்கு மேல் போகும் சாமானைக் கிரெடிட் கார்டில் வாங்குங்கள், கடை கைவிரித்தாலும் கார்ட் கம்பெனியிடம் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நான் அவர்களுக்கு இன்றே எழுதிவிட்டேன். பில்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.