உள்ளரங்க விளையாட்டு மையத்தில் ஆங்கிலப் பழக்கம்: ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் க்யூர்பிப் பக்கம் தூறலும் குளிரும் எளிதில் விடுவதில்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல முடியாத நாட்களில், மொரீஷியஸின் மேட்டுநிலப் பகுதியில் வாழும் நம் குடும்பங்கள் பல இப்போது வணிக வளாகங்களுக்குள் இயங்கும் விளையாட்டு மையங்களையே நாடுகின்றன. அத்தகைய மையம் ஒன்றுக்கு என் மகள், மகன், மாமியார் ஆகியோருடன் சென்றுவந்ததைப் பற்றி எழுதுகிறேன். விளையாட்டுக் கருவிகளின் தரத்தைவிட, ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்களுக்கு அந்த இடம் எந்த அளவுக்கு உதவும் என்பதே இந்த மதிப்பீட்டின் அக்கறை.

நம் பிள்ளைகளுக்குப் பாடநூலும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்த் தேர்வில் கணிதமும் அறிவியலும்கூட ஆங்கிலத்திலேயே கேட்கப்படுகின்றன. ஆனால் மணி அடித்ததும் மைதானத்தில் இந்த நாட்டின் பேச்சுமொழியான கிரியோல், வீட்டுத் தொலைக்காட்சியில் பிரெஞ்சு என்று பொழுது போய்விடுகிறது. எனவே பக்கம் பக்கமாக ஆங்கிலம் எழுதும் பிள்ளை, அந்நியர் ஒருவரிடம் ஒரு வாக்கியம் பேச நேர்ந்தால் தயங்கி நிற்கிறது. தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தத் தயக்கம் நன்கு பழக்கமானது. என் மாமியாரின் தேவையோ வேறு. அவருடைய மூத்த மகன் குடும்பம் மெல்போர்னில் இருக்கிறது. அங்குள்ள பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி வராது. தொலைபேசியில் அவர்களோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்பதற்காகவே இந்த வயதில் ஆங்கிலம் கற்கிறார்.

மையத்தில் எங்களுக்கு மிகவும் பயன்பட்டது, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் தளம். அங்கே காலணி வாங்குவதிலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. முதலில் கொடுத்த காலணி பெரிதாக இருந்ததால் மகள் திரும்பிச் சென்று, "கேன் ஐ ஹேவ் எ ஸ்மாலர் சைஸ், ப்ளீஸ்?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த தடுமாற்றத்தைக் கவனித்த ஊழியர், உதவும் எண்ணத்துடன் உடனே கிரியோலுக்கு மாறினார். இந்த நாட்டில் ஆங்கிலம் பழகுகிறவர்களுக்கு நேரும் பெரிய இடர்ப்பாடே இதுதான்: எதிரில் இருப்பவருக்கு நம் கிரியோல் தெரியும், நமக்கும் தெரியும், பிறகு யார்தான் சிரமப்படுவார்கள்? நான் அருகில் சென்று, பிள்ளைகள் பழகிக்கொள்வதற்காக ஆங்கிலத்திலேயே பேசும்படி கேட்டுக்கொண்டேன். அந்த இளைஞர் முகம் சுளிக்காமல், அதன்பிறகு நாங்கள் தளத்தைவிட்டு வெளியேறும்வரை, நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்திலேயே பேசினார். இப்படி ஒருவர் கிடைத்தது எங்கள் பேறு. கேட்காமல் இருந்திருந்தால் அது வாய்த்திருக்காது.

விளையாட்டின் விதிமுறையும் பேச்சுக்கு இடம் தருகிறது. பத்துச் சுற்றுகள், ஒவ்வொரு சுற்றிலும் பத்துக் கட்டைகளை வீழ்த்த இரண்டு வாய்ப்புகள். முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்துவிட்டால், அந்தப் பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழும் கட்டைகளின் எண்ணிக்கையும் சேரும் என்பதால், திரையில் அந்தச் சுற்றுக்கான மொத்தம் உடனே தோன்றாமல் கட்டம் வெறுமையாகவே நிற்கும். மகன் பத்தையும் சாய்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தபோது, மாமியார் திரையைக் காட்டி, "ஒய் நோ நம்பர்?" என்று கேட்டார். "வெயிட், பாட்டி. நெக்ஸ்ட் டூ பால்ஸ் ஆல்சோ" என்று தொடங்கிய மகள், கையையும் விரல்களையும் துணைக்கு அழைத்து, முழு விதியையும் ஆங்கிலத்திலேயே விளக்கி முடித்தாள். இலக்கணம் முன்பின்னாக இருந்தது உண்மை. ஆனாலும் பாட்டிக்குப் புரிந்தது. அடுத்த இரண்டு பந்துகளும் உருண்டு முடிந்ததும் கூட்டிச் சொன்னவர் அவர்தான்.

பரிசு வழங்கும் இடமும் இதே அளவு பயனுள்ளது. கருவிகளில் சேர்த்த சீட்டுகளை அங்கே கொடுத்துப் பொருள் வாங்கலாம். பொருள்கள் கண்ணாடிக்குப் பின்னால் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் விரலை நீட்டினால் மட்டும் போதாது. எந்த வரிசை, எந்த நிறம், எதற்குப் பின்னால் இருப்பது என்று சொல்லியாக வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேச வாயே திறக்காத என் மகன், நீலநிற ஊதலுக்குப் பின்னால் இருந்த சிறிய விளக்கைப் பெறுவதற்காக முழு வாக்கியங்கள் பேசினான்.

கருவிகளை இயக்குவதற்கான அட்டையில் பணம் ஏற்றியபோது நடந்ததையும் சொல்லவேண்டும். நாங்கள் நீட்டிய 100 ரூபாய்த் தாளில் மொரீஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் உருவம் இருக்கிறது. நம் எல்லாத் தாள்களிலும் போலவே தமிழ் எழுத்தும் இருக்கிறது. அங்கிருந்த பெண் அந்த எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்க, மகள் பெருமையோடு ஆங்கிலத்தில் படித்துச் சொன்னாள். 1998ஆம் ஆண்டில் புதிய தாள்களில் இந்தியைத் தமிழுக்கு முன்னால் அச்சிட்டதும், எதிர்ப்பு எழுந்து அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் மாமியாருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதையும் சொல்ல முயன்றார். வரிசை நீண்டுவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

கார் ஓட்டும் கருவி, சுடும் கருவி, பொம்மையைக் கொக்கியால் எடுக்கும் பெட்டி ஆகியவற்றில் ஆங்கிலத்துக்கு வேலையே இல்லை. அட்டையைத் தேய்த்தால் ஓடும், பணம் தீர்ந்தால் நிற்கும். சின்னஞ்சிறுவர்கள் ஏறிச் சறுக்கும் பகுதியும் அப்படியே. அங்கே பிள்ளைகள் ஒருவரோடொருவர் கிரியோலில்தான் கூவிக்கொள்கிறார்கள், அது இயல்பானதுதான். உணவைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே வந்து தால் பூரியும் ஆலூடா என்ற பால் பானமும் வாங்கிக்கொண்டோம்.

குறைகளில் முதன்மையானது இரைச்சல். கருவிகளின் ஒலிக்கு மேல் பாட்டையும் உரக்க ஒலிக்கவிடுவதால், புதிதாக ஒரு மொழியைக் காதால் பிடிக்க முயல்கிறவர்களுக்குப் பாதிச் சொற்கள் காற்றோடு போய்விடுகின்றன. அதைவிடக் கவலை தருவது, டிராம்போலின் எனப்படும் குதிக்கும் படுகையின் வாயிலில் சொல்லப்படும் பாதுகாப்பு அறிவுரை. ஒரே மூச்சில் ஒப்பிக்கப்பட்ட அதை எங்களில் ஒருவரும் முழுமையாகப் புரிந்துகொள்ளவில்லை. கை கால் முறியக்கூடிய இடத்தில் இதைச் சிறு குறையாகக் கருத எனக்கு மனமில்லை. மீந்த பணம் திருப்பித் தரப்படாது என்ற அறிவிப்பும் கண்ணில் படாத அளவுக்குச் சிறிய எழுத்தில் இருக்கிறது. எனவே முதலில் குறைந்த தொகையை மட்டும் ஏற்றுவது நல்லது.

போக விரும்புகிறவர்கள் வார நாளின் முற்பகலில் செல்லுங்கள். சனிக்கிழமைப் பிற்பகலில் எந்த ஊழியருக்கும் நின்று பேச நேரம் இருக்காது. காலுறையை மறக்கவேண்டாம். கேட்க வேண்டிய நான்கைந்து வாக்கியங்களை முந்தைய இரவே பிள்ளைகளோடு பேசிப் பழகுங்கள். ஊழியர் முன்னிலையில் அவர்களைத் திருத்தாதீர்கள், மெட்ரோவில் வீடு திரும்பும்போது அதற்குப் போதிய நேரம் கிடைக்கும். மையத்தின் நிர்வாகத்திடம் என் வேண்டுகோள் ஒன்றுதான்: குதிக்கும் படுகையின் விதிகளைப் பெரிய எழுத்தில், படங்களுடன், பிள்ளைகளின் கண்ணுயரத்தில் எழுதி வையுங்கள்.