சிப்புக்கு என்ன தெரியும் என்று யாரிடம் கேட்பது?

மதுரை கீழமாசி வீதியில் சில மொத்த மளிகைக் கடைகளின் பில் நகல்களை இரவில் குறியாக்கிப் பூட்டிச் சேமிக்க ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியை வைத்திருக்கிறோம். பழைய கடைகளில் பை 4, புதியவற்றில் பை 5. எல்லாக் கடைக்கும் போவது ஒரே மெமரி கார்டு இமேஜ்தான், சிக்கலும் அதில்தான். பை 5-இன் சிப்பில் ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு, பை 4-இல் கிடையாது. இருக்கிறது என்று நம்பி ஓட்டினால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று நிரல் அங்கேயே நின்றுவிடும். அதனால் சிப்புக்கு அது தெரியுமா என்று நிரல் கிளம்பும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பலரும் முதலில் திறப்பது, லினக்ஸில் சிப்பின் விவரங்களைக் காட்டும் /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பை. கண்ணால் பார்க்க அருமையானது, ஆனால் நிரலுக்கு வேண்டாம். திறன்களைச் சொல்லும் வரியின் பெயரே சிப் வகைக்கு வகை மாறும்: இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ‘ஃப்ளாக்ஸ்’ என்று பெயர், பை-யில் உள்ள ஆர்ம் வகையில் ‘ஃபீச்சர்ஸ்’, ரிஸ்க்-ஃபைவ் வகையில் ‘ஐஎஸ்ஏ’.

கட்டளையை ஓட்டிப் பார்த்து, தெரியாத கட்டளை என்று சொல்லும் சிக்இல் சிக்னல் வந்தால் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரி கூட ஆர்மில் இப்படிச் செய்ததுண்டு. ஆனால் பிழை தேடும் கருவியான ஜிடிபியில் ஓட்டினால் தொடக்கத்திலேயே நின்று நம்மைக் குழப்பும். சிக்னலைப் பிடிக்கும் ஹேண்ட்லர் நிரலின் எல்லாத் த்ரெட்டுக்கும் (ஒரே நேரத்தில் ஓடும் இழைகளுக்கும்) பொது என்பதால், லைப்ரரி எழுதுபவர்கள் இந்தப் பக்கமே போகாமலிருப்பது நல்லது.

எனக்குப் பிடித்தது கெட்ஆக்ஸ்வால் என்ற ஃபங்ஷன். நிரலை ஏற்றும்போதே ஓஎஸ்ஸின் மையமான கெர்னல், நிரலின் நினைவகத்தில் ஸ்டாக் என்ற பகுதியில், திறனுக்கு ஒரு பிட்டாக எச்டபிள்யூகேப் என்ற பிட் தொகுப்பை வைத்துவிடுகிறது; கெட்ஆக்ஸ்வால் அதைப் படித்துத் தரும். கோப்பு திறக்க வேண்டாம், கெர்னலைத் திரும்ப அழைக்கவும் வேண்டாம். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியில் 2012 முதல் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 64 பிட் ஆர்மில் ஏஇஎஸ் பிட் எச்டபிள்யூகேப்பில் இருக்கும், 32 பிட் நிரலுக்கோ எச்டபிள்யூகேப்2-இல். பை-யில் இரண்டு வகை ஓஎஸ்ஸும் ஓடும் என்பதால் இது முக்கியம். இதைவிட நுணுக்கமாக வேண்டுமென்றால், லினக்ஸ் 4.11 முதல் 64 பிட் ஆர்மில், சிப் தன் திறன்களைக் குறித்துவைத்திருக்கும் ஐடி ரெஜிஸ்டர்களையே படிக்கலாம். அந்தப் படிப்பைக் கெர்னல் இடைமறித்து, எல்லாக் கோர்களுக்கும் பொருந்தும் மதிப்பைத் தருகிறது.

சரி, இன்டெல்லில் சிபியுஐடி கட்டளையால் சிப்பையே நேராகக் கேட்கலாமே? கேட்கலாம், ஆனால் அது பாதிப் பதில்தான். ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு சிப்பில் இருந்தாலும், அதன் அகலமான ரெஜிஸ்டர்களைச் சேமித்து மீட்க ஓஎஸ் தயாராக இல்லாவிட்டால் பயன்படுத்த முடியாது. ஓஎஸ் தயாரா என்பதை எக்ஸ்ஜெட்பிவி என்ற இன்னொரு கட்டளை மூலம் தனியாகச் சரிபார்க்க வேண்டும். சிப்பில் இருப்பது வேறு, நம் நிரல் தொடக்கூடியது வேறு. இரண்டாவதைச் சொல்ல கெர்னலால்தான் முடியும்.

ரிஸ்க்-ஃபைவில் நீட்டிப்புகள், அதாவது கூடுதல் கட்டளைத் தொகுப்புகள், ஏராளம்; அத்தனைக்கும் எச்டபிள்யூகேப்பில் பிட் போதாது. அதனால் லினக்ஸ் 6.4-இல் எச்டபிள்யூப்ரோப் என்ற கெர்னல் அழைப்பு வந்தது. கேள்விகளைப் பட்டியலாகக் கொடுத்தால் பதிலை நிரப்பித் தரும், தெரியாத கேள்வியைத் தெரியாது என்றே குறித்துவிடும். புதிதாக ஒரு ஓஎஸ் எழுதினால் நான் இந்த வடிவத்தைத்தான் எடுப்பேன்.

பை-க்கு கெட்ஆக்ஸ்வாலே போதும். ஏஇஎஸ் பிட் இருந்தால் ஏஇஎஸ்-ஜிசிஎம், இல்லாவிட்டால் தனிக் கட்டளை இல்லாமலே வேகமாக ஓடும் சாச்சா20-பாலி1305 என்ற குறியாக்க முறை. எதில் பூட்டினோம் என்பதைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள். பை 5-இல் பூட்டியதை ஒருநாள் பை 4-இல் திறக்க வேண்டிவரும், அங்கே ஏஇஎஸ் மென்பொருளாக மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும்.