ஸ்விஃப்டுக்கு எந்த பிரேக் டிஸ்க்: ஓட்டை போட்டதா, கோடு போட்டதா, சாதாவா?

என்னுடையது 2018 ஸ்விஃப்ட் டீசல். பெரும்பாலும் சென்னை டிராஃபிக், லீவு கிடைத்தால் ஏற்காடு, கொல்லிமலை. முன் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, ஓரத்தில் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு எழும்பிவிட்டது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால், டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிவிட்டது, அதனால் லேத்தில் கொடுத்து ஃபேசிங் போடவும் (மேற்பரப்பைச் சீவிச் சமன் செய்யவும்) வழியில்லை. எப்படியும் மாற்றத்தான் போகிறோம், ஓட்டையோ கோடோ போட்ட பெர்ஃபார்மன்ஸ் டிஸ்க்காகவே போட்டுவிடலாமா என்று ஜி.பி. ரோடு கடைகளில் விசாரித்தேன், நண்பர் காரில் போட்டிருந்ததை ஓட்டியும் பார்த்தேன். கடைசியில் போட்டது சாதா மாருதி ஜென்யூன் டிஸ்க். பிரேக் இப்போது அருமையாக இருக்கிறது, இதே மாதிரி கார் வைத்திருக்கும் யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

ஓட்டை போட்ட டிஸ்க் அலாய் வீலுக்குள்ளே பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓட்டைகள் வந்த காரணம் வேறு. டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகள், பழைய காலத்தில், சூடேறினால் வாயு கக்கும், அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிடிமானத்தைக் கெடுக்கும், அது வெளியேறத்தான் ஓட்டை. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மழையில் தண்ணீர் சீக்கிரம் விலகும் என்பது உண்மை, கொஞ்சம் எடையும் குறையும். ஆனால் பிரேக் பிடிக்கும்போது வெப்பத்தை முதலில் உள்வாங்குவது அந்த இரும்புதான், அதில் ஓட்டை போட்டால் இரும்பு குறைகிறது. நண்பருடைய டிஸ்க்கை டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓட்டைகளின் விளிம்பிலிருந்து முடி மாதிரி மெல்லிய கீறல்கள் கிளம்பியிருந்தன. ஆன்லைனில் சல்லிசாகக் கிடைத்த செட் அது. நல்ல தயாரிப்பில் இவ்வளவு சீக்கிரம் வராது, ஆனாலும் வெப்பக் கீறல் தொடங்குகிற இடம் பெரும்பாலும் ஓட்டை விளிம்புதான். மேலே பள்ளமாகக் கோடு போட்டது இதைவிடத் தேவலை. பேடின் மேற்பரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும், ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு நிஜமாகவே பயன்படும். பதிலுக்கு பேட் சீக்கிரம் தேயும், பிரேக் பிடித்தால் ஒரு மெல்லிய உறுமல் கேட்கும்.

எல்லோரும் கேட்பது, வண்டி சீக்கிரம் நிற்குமா என்றுதான். நிற்காது. அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இப்போதே வேலை செய்கிறது என்றால், டிஸ்க்கும் பேடும் டயரின் பிடிமானத்தை மிஞ்சிவிட்டன என்று அர்த்தம், நிற்கும் தூரம் அதற்கு மேல் குறைய வேண்டுமானால் டயரைத்தான் மாற்ற வேண்டும். பெர்ஃபார்மன்ஸ் டிஸ்க் கை கொடுப்பது திரும்பத் திரும்ப அதிக வேகத்திலிருந்து பிடிக்கும்போது சேரும் வெப்பத்தில். வேகம் 80-லிருந்து 100 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல், டிராக்கில் அது ஒவ்வொரு வளைவிலும் நடக்கும். நாம் எங்கே அப்படி ஓட்டுகிறோம்? கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இரண்டாவது கியரில் இறங்கினால் டிஸ்க்குக்குப் பாதி வேலைதான்.

மிச்சமான பணத்தில் நல்ல கம்பெனி பேட், புது பிரேக் ஆயில். மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று பஞ்சாகப் போவது பெரும்பாலும் ஆயில் கொதிப்பதால்தான். டாட் 4 என்ற தரத்தில் வரும் புது பிரேக் ஆயிலுக்குக் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும், ஈரம் இழுத்துவிட்டால் அதற்கான வரையறையே 155 டிகிரிதான். வருஷக்கணக்கில் மாற்றாத ஆயிலை வைத்துக்கொண்டு விலையுயர்ந்த டிஸ்க் போடுவதில் அர்த்தமே இல்லை. ரேஸ் பேடும் வேண்டாம், சூடேறும் வரை அது சரியாகப் பிடிக்காது, காலையில் தெருமுனையில் குறுக்கே வரும் ஸ்கூட்டருக்கு நமக்குத் தேவை ஆறிய நிலையில் பிடிக்கும் பேட்.

இதையெல்லாம் விட முக்கியம் மாட்டுகிற விதம். பழைய டிஸ்க்கைக் கழற்றினால், அது உட்காரும் ஹப்பின் முகப்பில் துரு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். பல இடங்களில் அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முடுக்கிவிடுகிறார்கள். ஒரு துணுக்குத் துரு போதும், டிஸ்க் சாய்ந்து உட்காரும், சில ஆயிரம் கிலோமீட்டரில் ஸ்டியரிங் ஆட ஆரம்பிக்கும், அப்புறம் டிஸ்க் வளைந்துவிட்டது என்று சொல்லி இன்னொரு செட் தலையில் கட்டுவார்கள். பெரும்பாலும் வளைவதில்லை, தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறியிருக்கும், இல்லையென்றால் பேடின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். என் மெக்கானிக் கம்பி பிரஷ் போட்டு ஹப்பில் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்தார், புது டிஸ்க்கின் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தார், வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துக் குறுக்குக் குறுக்காக முடுக்கினார். அந்தக் கூலிக்கு இரண்டு மடங்கு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மாட்டியதும் பேடைப் பழக்க வேண்டும். காலியான ரோட்டில் 60-லிருந்து 10 வரை மிதமாகப் பிடித்து விடுவது, மறுபடி வேகம் எடுப்பது, நடுவில் முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்காமல். அடிக்கடி டிராக்குக்குப் போகிறவர் என்றால் நல்ல கம்பெனியின் கோடு போட்ட டிஸ்க்கைத் தாராளமாக வாங்கலாம். ஸ்விஃப்டில் பின்னால் டிரம் என்பதால் முன்பக்கம் மட்டும்தான், இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும். மாடல், வருஷத்தைப் பொறுத்து அளவு மாறலாம், அதனால் கடைக்குப் போகும்போது ஆர்சி புத்தகமும் பழைய டிஸ்க்கின் அளவும் கையில் இருக்கட்டும்.