ஓடும்போது மூச்சு: மூக்கு வழியா, வாய் வழியா?

ஓடப் பழகுகிறவரிடம் ஒருவர் “வாயை மூடிக்கொண்டு ஓடுங்கள்” என்பார். நான்கு நாள் கழித்து இன்னொருவர் “வாயைத் திறந்து நன்றாக மூச்சு வாங்குங்கள்” என்பார். இரண்டிலும் உண்மை உண்டு; எந்த வேகத்துக்கு எது என்பதைத்தான் இருவரும் சொல்வதில்லை.

மூக்கின் வளைந்த உட்சுவர்களை உரசிச் செல்லும் காற்று சூடேறி, ஈரமேறி, தூசியில் பெரும்பகுதியை அங்கேயே விட்டுவிட்டுத்தான் தொண்டைக்கு வருகிறது. மூக்கை ஒட்டிய காற்றறைகளான சைனஸ்களில் நைட்ரிக் ஆக்சைடு மிகுதியாக உற்பத்தியாவதை சுவீடன் ஆய்வாளர்கள் 1995இல் எடுத்துரைத்தனர். மூச்சோடு நுரையீரலை அடையும் அந்த வாயு அங்குள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. ஓடினாலே மூச்சுக்குழாய் சுருங்கி இளைப்பு வருபவர்களுக்கு, குறிப்பாகக் குளிர்ந்த, வறண்ட காற்றில், மூக்கு வழிச் சுவாசம் தரும் பாதுகாப்பு கண்கூடானது.

ஆனால் மூக்கு குறுகிய பாதை. மூச்சுப்பாதையின் மொத்தத் தடையில் பாதிக்கும் மேல் அங்கேதான் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று போதும். அது 35 முதல் 40 லிட்டரை எட்டும்போது பெரும்பாலோரின் வாய் தானாகவே திறந்துகொள்கிறது. விரைந்து ஓடுகையில் தேவை 100 லிட்டரைத் தாண்டிவிடும். மேட்டில் ஏறும்போது பலமாக மூச்சை இழுத்தால் நாசிமடல்கள் உள்வாங்குவதை விரல் வைத்தே உணரலாம். அந்த நிலையிலும் வாயைத் திறக்க மாட்டேன் என்பது பிடிவாதமே தவிரப் பயிற்சியல்ல.

வாய் வழி என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இரண்டின் வழியாகவும்தான். அதன் குறை, வறளும் தொண்டை. நிறை, தடையின்றிக் கிடைக்கும் காற்று.

2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு மாதமாவது மூக்கு வழியாக மட்டுமே மூச்சுவிட்டு ஓடிப் பழகிய பத்துப் பேரின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு, அதாவது உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன், மூக்கு வழியிலும் வாய் வழியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மூக்கு வழியில் மூச்சின் எண்ணிக்கை குறைவு. மூக்கின் கட்சியினர் இதைப் பெரிதாகக் கொண்டாடுவதுண்டு. ஏற்கெனவே பழகிய பத்துப் பேரை வைத்து, நேற்று ஓடத் தொடங்கியவருக்கு விதி எழுத முடியாது என்பதே என் எண்ணம்.

ஆகவே மெதுவோட்ட நாட்களில் மூக்கையே தேர்வேன். வாய் திறந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள், காலைத் தளர்த்திக்கொள்ளலாம். விரைவோட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இரண்டு வழிகளையும் திறந்துவிடுவதே முறை. தொடக்க வாரங்களில் காற்று போதாத தவிப்பும் ஒழுகும் மூக்கும் இயல்பானவை, கைக்குட்டை உடனிருக்கட்டும். மூக்கின் நடுச்சுவர் வளைந்து ஒரு பக்கம் எப்போதும் அடைத்திருப்பவர், பழக்கம் போதவில்லை என்று தம்மை நொந்துகொள்வதற்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.