பதினாறணா வலி நாலணா ஆனது: மக்களைத் தேடி மருத்துவத்தின் நோய் ஆதரவு சேவை

அப்பாவுக்கு வாய்ப்புற்று. நாற்பது வருஷம் தையல் மெஷினும் புகையிலையுமாக உட்கார்ந்திருந்த மனுஷர். ஒரு தனியார் மருத்துவமனையில் "இனி செய்ய ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். வலிக்கு என்ன, புண்ணுக்கு என்ன என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்று வாரம் அப்பா தூங்கவில்லை.

அம்மாவுக்கு பிரஷர் பார்க்க வந்த சுகாதாரத் தன்னார்வலர் அக்கா அவரைப் பார்த்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார். அந்த வாரமே செவிலியர் வந்தார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீடு தேடி வருவது தெரியும். படுத்த படுக்கையாகக் கிடப்பவரையும் தேடி வருவார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. காசு கிடையாது.

வந்தவர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ஐயா, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். அப்பாவுக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை. "பதினாறணாவும் வலிதாம்மா" என்று குழறினார். "சரி, அணாவிலேயே சொல்லுங்க" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கடைசிவரை அணாக் கணக்குதான்.

கன்னத்துப் புண்ணின் நாற்றத்துக்குக் கூசி, அப்பா பேரப்பிள்ளைகளைக் கிட்டவே சேர்க்கவில்லை. செவிலியர் உப்புத் தண்ணீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவக் கற்றுக்கொடுத்தார். நாலைந்து நாளில் நாற்றம் அடங்கியது. சின்னவள் தாத்தா கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். இந்த ஒன்றுக்கே அந்தச் செவிலியரைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

வலிக்கு மார்பின் (morphine) மாத்திரை என்றதும் அண்ணன் மிரண்டான். "போதை மருந்தாச்சே, பழகிடுமே!" வலிக்கென்று டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று செவிலியர் அவனை உட்காரவைத்துப் பேசினார். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல காலம் இது நோயாளிக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் தளர்த்தினார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வந்தோம். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் கரைத்து. படுக்கும்போது இரட்டை அளவு. கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, அதை விடவே கூடாது. ஒரு வாரத்தில் அப்பா "நாலணா" என்றார்.

நோய் ஆதரவு சேவை, அதாவது வலியையும் வேதனையையும் குறைக்கிற இந்தச் சிகிச்சை என்றாலே ஆளைக் கைவிட்டாச்சு என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கீமோ ஓடும்போதே இவர்களைக் கூப்பிடலாம் என்று தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரத்தை அப்பா பட்டிருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் யாரும் இப்படி இருந்தால் இன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடைசி நான்கு நாள் கஞ்சியும் இறங்கவில்லை. வற்புறுத்த வேண்டாம், ஈரப்பஞ்சால் உதட்டைத் துடைத்தால் போதும் என்றார் செவிலியர். தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரலாம், பார்க்கிற நமக்குத்தான் அது பயம், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள் என்றும் முன்னாடியே சொல்லியிருந்தார். அந்தச் சத்தம் வந்த ராத்திரி நாங்கள் ஆம்புலன்ஸ் தேடி ஓடவில்லை. அம்மா அவர் கையைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

காரியம் முடிந்த பிறகும் செவிலியர் ஒரு தடவை வந்தார், அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று பார்க்க. மிச்சமிருந்த 11 மார்பின் மாத்திரைகளை எண்ணி மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவின் வாட்டர் பெட் இப்போது பக்கத்துத் தெருவில், பக்கவாதத்தில் கிடக்கும் பெரியவர் வீட்டில் இருக்கிறது.