சிப்பிப் பாறைத் தண்ணீரும் ஃபோல்ட்ஸ்கோப்பும்: ஒரு வருடம் வைத்துப் பார்த்த பிறகு

குளச்சல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு வருடமாக என் கைப்பையில் ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி இருக்கிறது. வகுப்புக்காக வாங்கியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் சிப்பி.

எங்கள் ஊரில் மரச்சீனிக் கிழங்கு அவித்தால் கூடவே சிப்பி வேண்டும். 1997 செப்டம்பரில் கேரளக் கடற்கரையில் உள்ள விழிஞ்ஞத்தில் இதே சிப்பியைத் தின்று 7 பேர் இறந்தார்கள். 500 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விழிஞ்ஞம் எங்களுக்கு பஸ்ஸில் போய்வரும் தூரம். நான் அப்போது எட்டாம் வகுப்பு. கழுவி வைத்திருந்த சிப்பியை அம்மா சட்டியோடு கொண்டுபோய்த் தென்னை மூட்டில் கொட்டி மண்ணைப் போட்டு மூடியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தச் சிப்பி அழுகியதோ பழசோ இல்லை. சிப்பி மணிக்கு லிட்டர் கணக்கில் கடல் தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. அந்தத் தண்ணீரில் இருக்கும் நுண்பாசிகளில் சில வகைகள் சாக்சிடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது சிப்பிக்குள் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. தின்றவருக்கு முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும், அப்புறம் விரல்நுனி, மோசமானால் மூச்சுத் தசைகள். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடம்பை விட்டு இறங்கும்வரை செயற்கைச் சுவாசம் கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டும்.

சரி, கருவிக்கு வருகிறேன். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான மனு பிரகாஷும் அவருடைய மாணவர் ஜிம் சிபுல்ஸ்கியும் 2014இல் வெளியிட்ட வடிவமைப்பு இது. நனையாத காகிதத்தை மடித்துச் செருகினால் நுண்ணோக்கி. குட்டி உருண்டை லென்ஸ், 140 மடங்கு பெரிதாகக் காட்டும், 2 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பாகங்களின் செலவு ஒரு டாலருக்குள் அடங்க வேண்டும் என்று திட்டமிட்டது. நாம் வாங்கும் பெட்டிக்கு அதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும். காந்தத்தை வைத்து போன் கேமராவில் ஒட்டிக்கொள்ளலாம், முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் காட்ட அது பெரிய உதவி. வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும், ஆனால் சூரியனை நோக்கி ஒருபோதும் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பாறையிலிருந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடில் வைத்தால் வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சதுரம் சதுரமாக மின்னுகிறது. ஏதோ டயாட்டம், அதாவது கண்ணாடி போன்ற ஓடுள்ள நுண்பாசி, என்று சந்தோஷப்பட்டேன். தண்ணீர் வற்றி உப்புதான் பளிங்காகியிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. டைனோஃபைசிஸ் என்ற பாசி வயிற்றுப்போக்கு நஞ்சைத் தருவது. லிட்டருக்குச் சில நூறு செல் இருந்தாலே கவலைப்பட வேண்டும். 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் ஒன்றுகூட முழுசாக வராது, ஒரு துளியில் எங்கே வரும்? அதனால் 20 மைக்ரான் கண்ணியுள்ள நைலான் துணியில் வலை தைத்தேன். பத்து லிட்டர் வாளியால் இரண்டு வாளித் தண்ணீரை அதில் ஊற்றி, துணியில் தங்கியதை 20 மில்லிக்கு வடித்தால் ஒரு துளிக்குப் பத்து செல் கிடைக்கும். வலை இல்லாமல் இந்தக் கருவியைக் கடலுக்குக் கொண்டுபோவது வீண். பெட்டிக்குள் அப்படி எதுவும் வராது, நாம்தான் தேட வேண்டும்.

அப்படி வடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டைனோஃபைசிஸ் காடேட்டாவைப் பார்த்தேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட நீளம். மேலே புனல் போல ஒரு கழுத்து, ஒரு பக்கம் நரம்போடிய சிறகு, கீழே நீட்டிய ஒற்றைக் கால். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. மூன்று கொம்புள்ள செராட்டியமும் அப்படித்தான். ராத்திரி அலையை நீலமாக மின்ன வைக்கும் நாக்டிலூகாவுக்குக் கருவியே வேண்டாம், வெறும் கண்ணுக்கே தட்டுப்படும்.

நமக்கு முக்கியமானது அலெக்ஸாண்ட்ரியம் என்ற நுண்பாசி. சாக்சிடாக்சின் தரும் இனங்கள் இதில் இருக்கின்றன. ஃபோல்ட்ஸ்கோப்பில் அது ஒரு உருண்டை, அவ்வளவுதான். 30 மைக்ரான் அளவில் அதைப் போலவே உருண்டையாக இன்னும் எத்தனையோ உண்டு. இனம் பிரிக்க அதன் ஓட்டிலுள்ள தட்டுகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்கு கால்கோஃப்ளூர் சாயம் போட்டு ஒளிர் நுண்ணோக்கி, இல்லையென்றால் எலக்ட்ரான் நுண்ணோக்கி. அதிலும் ஒரே இனத்தில் நஞ்சுள்ள கிளையும் நஞ்சில்லாத கிளையும் இருக்கும். உருவத்தை வைத்து நஞ்சைச் சொல்லவே முடியாது, சதையை ஆய்வகத்தில் சோதித்தால்தான் உண்டு. கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் சாக்சிடாக்சின் என்பது பல நாடுகள் வைத்திருக்கும் வரம்பு.

அம்மா கேட்டார், "மக்ளே, இத வச்சு நல்ல சிப்பி எது, விஷச் சிப்பி எதுன்னு சொல்லிருவியா?" முடியாது என்று சொன்னேன். வாங்க நினைக்கிற எல்லோருக்கும் அதையேதான் சொல்கிறேன். ஸ்லைடில் ஒன்றும் இல்லை என்பதால் சிப்பி நல்லது என்று யாரும் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டாம். தண்ணீர் சிவந்தால்தான் ஆபத்து என்பதும் தப்பு. நிறம் மாறாத தண்ணீரிலும் நஞ்சு இருக்கும், சிவந்த தண்ணீர் எல்லாம் நஞ்சும் இல்லை.

பிறகு எதற்கு 5க்கு 4 கொடுக்கிறேன்? பார்த்துப் பழக இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் உருண்டை என்பதால் ஓரத்தில் படம் மங்கும், அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். மற்றபடி வழக்கமாக என்ன வருகிறது என்று தெரிந்தால்தான் புதிதாக ஒன்று வந்தால் கண் நிற்கும். என் பிள்ளைகளில் நான்கு பேர் இப்போது என்னைவிட வேகமாகப் பெயர் சொல்கிறார்கள். சிப்பிக்கு முங்கப் போகும் அத்தான், பாறையில் தண்ணீர் நிறம் மாறினால் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறார்.

வடித்த தண்ணீரில் பாதியை, பாசி கெடாமல் இருக்க லூகால் அயோடின் கரைசல் விட்டு, தேதியும் பாறையின் பெயரும் எழுதி, இருட்டு அலமாரியில் வைக்கிறேன். ஊரில் யாருக்காவது உதடு மரத்தது என்று ஒரு நாள் தகவல் வந்தால், ஆய்வகத்துக்குக் கொடுக்க அந்த வாரத் தண்ணீர் கையில் இருக்கும். இதுவரை பதினான்கு பாட்டில். அயோடின் விட்ட தண்ணீரின் கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறம் வெளுத்தால் இரண்டு சொட்டு அயோடின் கூட விட வேண்டும்.