ரிச்மண்ட் உறுப்பினர் அட்டை: 13 சீசன் பயன்படுத்திய பிறகு

போன மாதம், மெல்பர்னுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன் கேட்டான். "அண்ணா, ஆபீஸில் எல்லாரும் எந்த டீம், எந்த டீம்னு உயிரை எடுக்கறாங்க. இந்த ஃபுட்டி மெம்பர்ஷிப் எடுக்கலாமா? காசுக்குத் தகுமா?" நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. மிக்ஸியாக இருந்தால் மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். இது வேறு சரக்கு. ஃபுட்டி என்றால் இங்கே ஆஸ்திரேலியன் ரூல்ஸ் கால்பந்து. அதில் ரிச்மண்ட் கிளப்பின் முதல் அட்டையை 2013இல் வாங்கினேன், 2025 சீசனோடு 13 முடிந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரிச்மண்டைத் தேர்ந்தெடுத்த கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான் குடியிருந்தது கிளென் வேவர்லி ரயில் பாதையில். அந்த ரயில் ரிச்மண்டில் நிற்கும். இறங்கி நடந்தால் எம்சிஜி மைதானம், பக்கத்திலேயே கிளப்பின் பழைய பண்ட் ரோடு மைதானம். சட்டையில் கறுப்பும் மஞ்சளும். சென்னை ஆட்டோ நிறம் என்று நினைத்துக்கொண்டேன், பிடித்துப்போயிற்று. இந்த ஊரில் பாட்டன் காலத்திலிருந்து கிளப் வாரிசாக வரும். நான் ரயில்வே கால அட்டவணை பார்த்துச் சேர்ந்தவன்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், பக்கத்துக்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் தட்டிவிடலாம். எறியக் கூடாது. கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 15 மீட்டருக்கு ஒருமுறை தரையில் தொட வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பம். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. குறி தப்பியவனுக்கும் கையில் ஏதாவது கொடுத்து அனுப்புகிற விளையாட்டு உலகத்தில் வேறு உண்டா என்று தெரியவில்லை. முதல் நாளே நான் இதற்கு விழுந்தது அந்த ஒரு புள்ளியால்தான். அப்புறம் ஸ்பெக்கி. எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி மேலே எழும்பிப் பந்தைப் பிடிப்பார்கள். கபடியில் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு, தோளில் ஏறுவதைச் சட்டம் அனுமதிக்கிறது என்பதே ஆச்சரியம்.

சரி, கிளப்புக்கு வருவோம். நான் சேர்ந்தபோது ரிச்மண்டின் பெயர் கேலிக்குரியது. கடைசியாகக் கோப்பை வென்றது 1980இல். அதன் பிறகு பல வருடம் சரியாக ஒன்பதாம் இடத்தில் முடித்தார்கள். அப்போது பைனல்ஸுக்கு, அதாவது கோப்பையைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்ட ஆட்டங்களுக்கு, எட்டு அணிகள்தான் போகும். பரீட்சையில் 34 மார்க் வாங்குகிற பையன் மாதிரி. 2013இல் ஐந்தாம் இடத்துக்கு வந்தோம். எஸ்ஸெண்டன் அணி ஊக்கமருந்து விவகாரத்தில் பைனல்ஸிலிருந்து நீக்கப்பட்டதால், ஒன்பதாவதாக வந்த கார்ல்டனுக்கு உள்ளே வர வழி கிடைத்தது. அந்தக் கார்ல்டனிடம்தான் தோற்றோம், அதுவும் பாதி ஆட்டம் வரை முன்னிலையில் இருந்துவிட்டு, 20 புள்ளி வித்தியாசத்தில். ஒன்பதாம் இடம் எங்களை விடுவதாக இல்லை.

அந்த வருடம் எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு பாட்டி. இன்று வரை அதே இருக்கை. என்னை "லவ்" என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊர்ப் பாட்டிகள் பால்காரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பயப்பட வேண்டாம். 1980 கோப்பையை நேரில் பார்த்தவர். பிளாஸ்கில் டீ, மடியில் கம்பளி, பையில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர். கண் முன்னால் நடப்பதையே காதில் வர்ணனையாகவும் கேட்பார். கார்ல்டனிடம் தோற்ற அன்று எழுந்திருக்காமல் டீயைக் குடித்து முடித்து, மூடியைத் துடைத்து, பையில் வைத்துவிட்டு, "மார்ச்சில் பார்ப்போம், லவ்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனைக்கும் எனக்கு அது முதல் வருடம், அவருக்கு 33ஆவது.

2014இல் தொடர்ச்சியாக ஒன்பது ஆட்டம் வென்று எட்டுக்குள் நுழைந்து, அடிலெய்டுக்குப் போய் 57 புள்ளியில் உதை வாங்கினோம். 2015இலும் முதல் சுற்றோடு சரி. 2016இல் 13ஆம் இடம். மறு வருடம் கோப்பை. இடையில் என்ன நடந்தது என்று ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் கணக்கில் காரணம் டஸ்டின் மார்ட்டின் மட்டுமல்ல. அவர் மேதை, மறுப்பே இல்லை. அந்த வருடம் நடுவர்களின் 36 வாக்குகளோடு சீசனின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம், அதே வாரம் கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம். பின்னால் 2019, 2020 கிராண்ட் ஃபைனல்களிலும் அதையே வாங்கி, மூன்று முறை பெற்ற முதல் ஆள் ஆனார். பந்தை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிடிக்க வருகிறவனின் நெஞ்சில் மறு கையை நீட்டித் தள்ளிவிட்டுப் போவார். வேண்டாத விருந்தாளி முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி.

ஆனால் என் ஆள் ஷேன் எட்வர்ட்ஸ். 303 ஆட்டம். பந்து அவர் கைக்கு வந்ததா இல்லையா என்று நாம் பார்ப்பதற்குள் வேறு ஒருவர் கையில் இருக்கும். டிவியில் இது தெரியாது. மைதானத்தில், நல்ல உயரத்தில் உட்கார்ந்து, பந்தை விட்டுவிட்டு அவரையே பார்க்க வேண்டும். உறுப்பினர் அட்டைக்குக் கொடுத்த பணத்தில் பாதி எனக்கு அப்படித்தான் வசூலானது. மீதிப் பாதி, பட்லர், காஸ்டானா, டேனியல் ரியோலி என்ற சின்ன உருவக்காரர்கள். கோல் அடிக்காத நேரத்திலும் எதிரணித் தடுப்பாளர்களைத் தேனீ மாதிரி துரத்திக்கொண்டே இருந்தார்கள். 2017 அந்தத் துரத்தலால் வந்தது என்பது என் கட்சி. பாட்டிக்கு இதில் உடன்பாடு இல்லை. அவருக்கு எல்லாம் தடுப்பாட்டக்காரர் அலெக்ஸ் ரான்ஸ்.

அந்த கிராண்ட் ஃபைனலுக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. தம்பி, இதைக் குறித்துக்கொள். சாதாரண உறுப்பினர் அட்டை இறுதி ஆட்டத்துக்கு உத்தரவாதம் இல்லை, குலுக்கல்தான். லட்சம் பேர் உட்கார்கிற மைதானத்தில் ரெண்டு கிளப் உறுப்பினர்களுக்கும் சேர்த்தே போதுமான இடம் ஒதுக்குவதில்லை, மீதி ஸ்பான்சர்களுக்கும் மற்றவர்களுக்கும் போகிறது. வீட்டில் பார்த்தேன். அடிலெய்டை 48 புள்ளியில் வென்றோம். உடனே ரயில் ஏறி ரிச்மண்டின் ஸ்வான் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க மஞ்சள். தேர் இழுக்கிற கூட்டத்தில் கால் தரையில் படாமல் நகர்வோமே, அப்படி. முன்பின் தெரியாத ஒரு ஆறடி ஆள் என்னைக் கட்டிப்பிடித்து என் தோளில் அழுதான்.

2018இல் புள்ளிப் பட்டியலில் முதலிடம், எம்சிஜியில் தோல்வியே கிடையாது. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தில் காலிங்வுட். அவர்களிடம் கூடைப்பந்திலிருந்து வந்த மேசன் காக்ஸ் என்ற 211 சென்டிமீட்டர் அமெரிக்கர். இரண்டாம் கால்பகுதியில் மூன்று கோல். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

2019 கிராண்ட் ஃபைனலில் ஜிடபிள்யூஎஸ் அணியை 89 புள்ளியில் நசுக்கினோம். ஆட்டமாகப் பார்த்தால் சப்பை. ஆனால் மார்லியன் பிக்கெட் இருந்தார். 27 வயது, இளமையில் சிறைக்குப் போய் மீண்டவர், ஏஎஃப்எல் என்ற இந்த லீக்கில் அவரது முதல் ஆட்டமே கிராண்ட் ஃபைனல். 1952க்குப் பிறகு அப்படி யாரும் அறிமுகமானதில்லை. நடு மைதானத்தில் பந்தை வாங்கி, பின்னால் ஆள் வருவது தெரிந்து, பம்பரமாக ஒரு முழுச் சுற்று சுற்றித் தப்பி, பந்தை முன்னே அனுப்பினார். முதல் நாள் வேலைக்கு வந்தவன் செய்கிற காரியமா அது? அவர் கோல் அடித்தபோது அணி மொத்தமும் ஓடிவந்து மேலே விழுந்தது. 2020 கோப்பை பிரிஸ்பேனில், கொரோனா காலத்தில். அட்டைக்குப் பணம் கட்டிவிட்டு சோபாவில் பார்த்தேன்.

இனி என் பெரிய புகார். இந்த விளையாட்டை நான் முப்பது வயதுக்கு மேல் விதி விதியாக உட்கார்ந்து படித்தேன். படித்து முடிப்பதற்குள் மாற்றுகிறார்கள். போனில் அப்டேட் வருகிற மாதிரி வருடா வருடம். 2019இல் நடுப்பந்தின்போது, அதாவது நடுவர் மைதானத்தின் நடுவில் பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும்போது, மைதானத்தின் மூன்று பகுதியிலும் ஆறு ஆறு ஆறாக நிற்க வேண்டும் என்றார்கள். 2021இல் 'ஸ்டாண்ட்'. எதிராளி ஃப்ரீ கிக் எடுக்கும்போது அவனுக்கு எதிரே குறியில் நிற்பவன் அசையக் கூடாது, அசைந்தால் 50 மீட்டர் தண்டனை, எதிராளி அவ்வளவு தூரம் முன்னே வந்து உதைக்கலாம். சின்ன வயதில் "ஸ்டேச்சு" விளையாடியிருப்போமே, அதைச் சம்பளம் வாங்குகிற பெரிய ஆட்களை வைத்து ஆட்டுகிறார்கள். 2022இல் நடுவர் தீர்ப்புக்குக் கையை விரித்தால்கூட 50 மீட்டர் என்று ஆயிற்று. கையை விரிக்காமல் எனக்குப் பேசவே வராது, நானெல்லாம் ஒரு கால்பகுதியில் கிளப்பைத் திவாலாக்கிவிடுவேன். நடுவர்களைத் திட்டுவதைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயம்தான். ஆனால் அந்த வருடம் எதற்கு விசில், எதற்கு இல்லை என்று எங்கள் வரிசையில் ஒருவருக்கும் புரியவில்லை.

2026இலிருந்து நடுப்பந்து பவுன்ஸும் கிடையாது. அதுவரை நடுவர் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்பை வளைத்து, தரையில் ஓங்கி அறைவார். அது நேராக எகிறும். எம்சிஜியில் அந்த அறைக்கு முந்தைய நொடியில் கூட்டம் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்கும். நூறு ஆண்டுக்கு மேலான பழக்கம். இனி மேலே தூக்கிப் போட்டால் போதுமாம். பவுன்ஸ் வராத ஒரே காரணத்தால் நல்ல நடுவர்கள் மேலே வர முடிவதில்லை என்கிறார்கள். காரணம் சரி. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

ஆனால் மாற்றமே வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒரு இடம் உண்டு: தலை. எங்கள் கிளப்பில் 173 ஆட்டம் ஆடிய ஷேன் டக் 2020இல் இறந்தார், வயது 38. மூளையைப் பரிசோதித்தபோது கடுமையான சிடிஇ. திரும்பத் திரும்பத் தலையில் அடிபடுவதோடு சேர்த்துப் பேசப்படும் நோய். அவரது மரணத்தை விசாரித்த அதிகாரி, மோதல் பயிற்சிகளைக் குறைக்கச் சொல்லி 2023இல் பரிந்துரைத்தார். அதே வருடம் மெல்பர்ன் அணியின் ஆங்கஸ் பிரேஷா, காலிங்வுட்டுக்கு எதிரான பைனல்ஸில் தலையில் அடிபட்டு விழுந்தார். மறு பிப்ரவரியில், 28 வயதில், ஆட்டத்தையே விட்டார். தலையை உயரமாகத் தாக்கியவனுக்கு மூன்று வாரம் தடை என்றதும் "விளையாட்டு மென்மையாகிவிட்டது" என்று புலம்புகிறவர்கள் பக்கம் நானும் ஒருகாலத்தில் இருந்தேன். என் மகள் சனிக்கிழமைக் காலைகளில் ஆஸ்கிக் என்ற சிறுவர் ஃபுட்டி பயிற்சிக்குப் போக ஆரம்பித்ததும் அந்தப் புலம்பல் நின்றுவிட்டது. அங்கே இப்போதைக்கு மோதல் இல்லை. அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அவளுடைய ஆதர்சம் எங்கள் பெண்கள் அணியின் மோனிக் கான்டி.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2015இல் சிட்னி அணியின் ஆடம் குட்ஸ் பந்தைத் தொட்டாலே ஊர் ஊராக ஊளையிட்டார்கள். இரண்டு பிரவுன்லோ வாங்கிய ஆதிகுடி வீரர். 2013இல் தன்னைக் குரங்கு என்று அழைத்த குரலைச் சுட்டிக்காட்டியவர். ஆபீஸ் டீ அறையில், "இனவெறியெல்லாம் இல்லை, அவன் ஃப்ரீ கிக்குக்கு நடிக்கிறான், அதான்" என்று ஒருவர் விளக்கினார். நான் தலையாட்டினேன். புதிதாகச் சேர்ந்த இடத்தில் எதற்கு வம்பு என்ற தலையாட்டல். குட்ஸ் அந்த சீசனோடு விலகினார். ஏஎஃப்எல் மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று. ஆதிகுடியினரைக் கௌரவித்து எஸ்ஸெண்டனோடு ஆடும் ட்ரீம்டைம் ஆட்டம் எம்சிஜியில் நடக்கும்போதெல்லாம் நான் தவறாமல் போகிறேன். விளக்கு அணைந்து சடங்கு நடக்கும்போது அந்த டீ அறை ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

சூதாட்ட விளம்பரம் பற்றி ஒரு வரி: குழந்தையோடு டிவியில் ஆட்டம் பார்த்தால், யார் முதல் கோல் அடிப்பார் என்பதற்கு முன் எவ்வளவு கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று அவள் கற்றுக்கொள்வாள்.

இப்போது அணி எப்படி? 2023இல் பயிற்சியாளர் ஹார்ட்விக் பாதி சீசனில் விலகி, சில மாதத்தில் கோல்ட் கோஸ்ட்டில் சேர்ந்தார். 2024இல் வெறும் 2 வெற்றி, கடைசி இடம். மார்ட்டின் 302 ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். போல்டன், பேக்கர், ரியோலி, கிரஹாம் என்று ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். பதிலுக்குப் பள்ளிக்கூட வாசனை போகாத பையன்கள் வந்தார்கள். 2025 முதல் சுற்றில் கார்ல்டனிடம் 40 புள்ளிக்கு மேல் பின்தங்கி, எட்டி வந்து ஜெயித்தார்கள். வெற்றி விழா மாதிரி கத்தினோம். அந்த வருடம் மொத்தமே 5 வெற்றி, 17ஆம் இடம்.

ஆகவே தம்பி, எடு. ஸ்கார்ஃப் வேண்டாம் என்று டிக் செய், என்னிடம் ஒன்பது இருக்கிறது, ஒன்று தருகிறேன்.

2026இலிருந்து பைனல்ஸுக்குப் பத்து அணிகள் என்ற செய்தி வந்ததும் பாட்டிக்குப் போன் செய்தேன். ஒன்பதாம் இடத்துக்கும் இனி வாய்ப்பு உண்டு என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இப்போதா?" என்றார்.